சுப்பீரியர் ஏரியில் உடைந்த ‘மடீரா’: இழுவடத்தை விட்டது சரிதானா?

வடகரைப் பயணி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், சுப்பீரியர் ஏரியின் வடகரையில் இருக்கும் ஸ்பிளிட் ராக் கலங்கரை விளக்கத்தைப் பார்க்கச் சென்ற அக்டோபரில் குடும்பத்துடன் போயிருந்தேன். விளக்கைப் பார்த்து முடித்த பிறகு, அங்கிருந்து வடகிழக்கே சிறிது தூரம் தள்ளியிருக்கும் கோல்ட் ராக் என்ற பாறைமுனைக்கு நடந்தோம். ஏரியை நோக்கிச் சுவர் போல இறங்கும் பாறை அது. விளிம்பில் வயிறு பதியப் படுத்துக் கீழே எட்டிப் பார்த்தேன். கரை என்று சொல்ல அங்கே ஒரு முழ மணல்கூட இல்லை. பாறை எந்தச் சரிவில் தண்ணீருக்குள் நுழைகிறதோ அதே சரிவில் ஆழத்துக்குப் போய் இருண்டுவிடுகிறது. அன்று காற்றே இல்லை. ஆனாலும் பாறையின் இடுக்குகளில் தண்ணீர் புகுந்து வெளியேறும் ஓசை மேலே வரை கேட்டது.

அந்த இடத்தில்தான் 1905 நவம்பர் 28 அதிகாலையில் ‘மடீரா’ என்ற சரக்குப் பார்ஜ் மோதி உடைந்தது. 1900ஆம் ஆண்டில் சிகாகோவில் கட்டப்பட்டது, எஃகு உடல், 436 அடி நீளம், 50 அடி அகலம். இரும்புத்தாது ஏற்றிச் செல்வதற்காகவே கட்டப்பட்ட கலம். மூன்று பாய்மரங்கள் இருந்தனவே தவிர, அதைச் செலுத்துவதற்கு எஞ்சின் கிடையாது. ‘வில்லியம் எடன்போர்ன்’ என்ற நீராவிக் கப்பல் அதை வடம் கட்டி இழுத்துக்கொண்டிருந்தது. பனிப்புயல் உச்சத்தில் இருந்தபோது, அதிகாலை மூன்று மணி அளவில், இழுத்த கப்பல் வடத்தை விட்டுவிட்டது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் காற்றும் அலையும் போன போக்கில் மிதந்த மடீரா, ஐந்தரை மணி அளவில் கோல்ட் ராக்கில் மோதியது. அதிலிருந்த பத்துப் பேரில் ஒன்பது பேர் பிழைத்தார்கள்; முதல் துணை அதிகாரி ஜேம்ஸ் மாரோ உயிரிழந்தார்.

அந்தப் பாறையில் படுத்திருந்தபோது எழுந்த இரண்டு கேள்விகள் இன்றுவரை என்னை விடவில்லை. இவ்வளவு பெரிய எஃகுக் கப்பலை எஞ்சின் இல்லாமல் எதற்காகக் கட்டினார்கள்? அடுத்தது, கடலோடிகள் யாராவது இங்கே இருந்தால் அவர்களிடம் கேட்க விரும்புவது: நடு ஏரியில், இருட்டில், தானாக நகரவே முடியாத ஒரு கலத்தில் பத்துப் பேர் இருக்கும்போது வடத்தை விடுவது கப்பல் தொழிலில் ஏற்கத்தக்க செயலா, அல்லது அதற்குக் கைவிடுதல் என்பதுதான் பெயரா? கலங்கரை விளக்கத்தில் ஒருவர் “இரண்டு கப்பல்களுக்கும் அதுதான் நல்ல வாய்ப்பு என்று நினைத்தார்கள்” என்று சொன்னார். எனக்கு அந்தப் பதில் போதவில்லை.

வின்ச்மேடை எழுதியது:

வணக்கம் பயணி அவர்களே. நான் பத்தொன்பது ஆண்டுகள் இழுவைக் கப்பல்களில் வேலை செய்தவன். பெரும்பாலும் கடலில், பார்ஜுகளையும் மிதவை மேடைகளையும் இழுத்திருக்கிறேன். உங்கள் இரண்டாவது கேள்விக்கு என்னால் முடிந்த பதிலைச் சொல்கிறேன்.

இழுவடத்தின் வலிமையில் பாதி அதன் கனத்தில் இருக்கிறது என்றால், மீதிப் பாதி அதன் தொய்வில் இருக்கிறது. இரண்டு கலங்களுக்கும் நடுவில் வடம் தண்ணீருக்குள் ஓர் ஊஞ்சல் போலத் தொங்க வேண்டும். முன்னால் போகும் கப்பல் அலையில் ஏறும்போதும் பின்னால் வரும் பார்ஜ் பள்ளத்தில் விழும்போதும் அந்தத் தொய்வுதான் அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. கடலில் பெரிய அலைகள் நீளமாக வரும். அலைக்கு ஏற்றபடி வடத்தை நீட்டியும் குறைத்தும் இரண்டு கலங்களும் சேர்ந்தாற்போல் ஏறி இறங்கும்படி செய்துகொள்ள ஓரளவு முடியும். ஏரியின் அலைகள் நெருக்கமானவை, செங்குத்தானவை. ஒன்று ஏறும்போது மற்றொன்று இறங்கும். வடம் ஒரு கணம் முழுவதும் தளர்ந்து, மறு கணம் கம்பியாக விறைக்கும். அப்போது முறியக்கூடியது வடம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். வடம் கட்டிய தூணே மேல்தளத்தோடு பெயர்ந்து வந்துவிடலாம்.

அந்தக் கணத்தை நான் பார்த்திருக்கிறேன். ஒரு மழைக்கால இரவில், காலிப் பார்ஜ் ஒன்றை இழுத்துக்கொண்டிருந்தபோது, வடம் தண்ணீரைவிட்டு முழுவதுமாக வெளியே எழுந்தது. அதன் முறுக்கிலிருந்த நீர் பிழியப்பட்டு, விளக்கு வெளிச்சத்தில் இருபுறமும் புகை போலத் தெறித்தது. தாழ்ந்த குரலில் ஒருவர் முனகுவது போன்ற ஓசை அதிலிருந்து வந்தது. “எல்லாரும் உள்ளே போங்கள்” என்று எங்கள் மாலுமித் தலைவர் கத்திய சில நொடிகளில் வடம் அறுந்து, நாங்கள் நின்றிருந்த இடத்தின் மேல் வீசி அடித்தது. யாருக்கும் காயமில்லை. விடிந்த பிறகு பார்ஜைத் தேடிப் பிடித்தோம். அதில் ஆட்கள் இல்லை என்பதால்தான் இதை இன்று என்னால் இப்படி எழுத முடிகிறது.

1905இல் எடன்போர்ன் கப்பலின் மேல்தளத்தில் இருந்தவர்களுக்கு இதோடு இன்னும் இரண்டு துன்பங்கள் சேர்ந்திருந்தன. முதலாவது உறைபனி: மேல்தளத்தில் விழும் ஒவ்வொரு துளியும் வடத்திலும், அதைச் சுற்றும் பொறியான வின்ச்சிலும், கைப்பிடிகளிலும் பனிக்கட்டியாகப் படியும். இரண்டாவது பார்வை: கொட்டும் பனியில் பின்னால் வரும் பார்ஜின் விளக்கு தெரியாது. கம்பியில்லாத் தந்தி அந்தக் கப்பல்களில் இல்லை; ஊதல் ஒலியும் விளக்கும்தான் பேச்சு. ஐயாயிரம் டன்னுக்கு மேற்பட்ட கொள்ளளவுள்ள ஒரு கலம் தன் பின்னணியத்தை, அதாவது பின்பகுதியை, பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும்போது, முன்னால் போகும் கப்பலால் அலைக்கு முகம் கொடுத்து நிற்க முடியாது. சுக்கான் திருப்பினாலும் கப்பல் திரும்பாது. அந்த நிலையில் வடத்தை விடுவது தொழிலில் ஏற்கப்பட்ட செயல்தான். இரண்டும் சேர்ந்து கரையேறுவதைவிட ஒன்றாவது தப்பட்டும் என்ற கணக்கு அது.

ஆனால் அந்தக் கணக்கு அன்றிரவு பலிக்கவும் இல்லை. வடத்தை விட்ட எடன்போர்னும் ஸ்பிளிட் ராக் ஆற்றின் முகத்துவாரத்தருகே கரைதட்டி உடைந்தது. அதிலும் ஒருவர் இறந்தார். தான் எங்கே இருக்கிறோம் என்பதே அந்தக் கப்பலுக்குத் தெரிந்திருக்கவில்லை என்பது இதிலிருந்து புலப்படுகிறது. திறந்த நீரில் இருக்கிறோம் என்று நம்பி வடத்தை விடுவது வேறு. காற்றுக்குக் கீழே சில மைல் தொலைவில் பாறைச் சுவர் இருக்கிறது என்று அறிந்து விடுவது வேறு. அவர்கள் முதலாவதைச் செய்வதாக நினைத்துக்கொண்டு இரண்டாவதைச் செய்தார்கள் என்றே நான் கருதுகிறேன்.

டுலூத்வாசி எழுதியது:

நான் எட்டு ஆண்டுகளாக டுலூத் நகரில் வசிக்கிறேன். மடீராவை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டால் அந்த இரவின் நியாயம் விளங்காது என்று தோன்றுவதால் இதை எழுதுகிறேன். அந்தப் புயலை இங்கே ‘மடாஃபா புயல்’ என்று சொல்கிறார்கள். அதே புயலில் வடத்தை விட்ட இன்னொரு நீராவிக் கப்பலின் பெயர் அது. அங்கே முடிவு முற்றிலும் தலைகீழாக அமைந்தது.

மடாஃபா 1905 நவம்பர் 27 பிற்பகலில், ‘ஜேம்ஸ் நாஸ்மித்’ என்ற பார்ஜை இழுத்துக்கொண்டு, இரும்புத்தாதுச் சரக்குடன் டுலூத்திலிருந்து புறப்பட்டது. சில நாட்களுக்கு முன்பு அடித்த ஒரு புயல் ஓய்ந்து, வானம் அமைதியாகத் தெரிந்த நேரம். இரவுக்குள் வடகிழக்குக் காற்று எழுந்தது. இந்த ஏரி கிழக்கு மேற்காக ஏறத்தாழ 560 கிலோமீட்டர் நீளம். மேற்குக் கோடியில் குறுகி, டுலூத்தில் ஒரு மூலையாக முடிகிறது. வடகிழக்குக் காற்று அடித்தால் ஏரியின் நீளம் முழுவதையும் கடந்து வளர்ந்த அலைகள் எல்லாம் இந்த மூலைக்குத்தான் வந்து சேரும். மறுநாள் மடாஃபா திரும்பி வந்தது. துறைமுகத்துக்குள் நுழைய இரண்டு கற்சுவர்களுக்கு நடுவே ஒரு குறுகிய கால்வாய்தான் வழி. பின்னால் ஒரு பார்ஜை இழுத்துக்கொண்டு அந்த வாய்க்குள் நுழைய முடியாது என்று கருதி, மடாஃபாவின் தலைவர் நாஸ்மித்தை வெளியிலேயே விட்டார். நாஸ்மித் நங்கூரமிட்டது. மடாஃபா கால்வாயின் வாயில் சுவரில் மோதி, திரும்பி, கரையோரத்திலேயே உடைந்தது.

கரையிலிருந்து கூப்பிடு தூரம்தான். ஆயிரக்கணக்கான மக்கள் கரையில் கூடி நின்றார்கள். இரவு முழுவதும் தீ மூட்டி வைத்தார்கள், கப்பலில் இருப்பவர்கள் அதைப் பார்க்கட்டும் என்று. மீட்புப் படையினரின் படகு அந்த அலையில் இறங்க முடியவில்லை. கப்பலில் இருந்த 24 பேரில் அணியத்தில், அதாவது முன்பகுதியில், இருந்த 15 பேர் மறுநாள் காலையில் மீட்கப்பட்டார்கள். பின்னணியத்தில் இருந்த ஒன்பது பேரும் இறந்தார்கள். குளிரே அவர்களில் பலரைக் கொன்றது. வெளியே விடப்பட்ட நாஸ்மித்தோ நங்கூரத்தில் நின்று புயலைக் கடந்து தப்பியது.

கைவிடப்பட்டதாக எல்லாரும் நினைத்த பார்ஜ் தப்பியதற்குக் காரணம், டுலூத்துக்கு வெளியே ஏரியின் அடி மணற்பாங்கானது, ஆழமும் குறைவு; நங்கூரம் பற்றிக்கொள்ளும். நீங்கள் வயிறு பதியப் படுத்துப் பார்த்த வடகரையில் பாறை நேரே ஆழத்துக்கு இறங்குகிறது. அங்கே நங்கூரம் தரையைத் தொடுவதற்குள் கப்பல் பாறையைத் தொட்டுவிடும். ஆகவே வடத்தை விட்டது சரியா என்ற கேள்வியோடு, எங்கே விட்டார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம்.

வடத்தை விடாமல் வைத்திருந்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதற்கும் அதே கரையில் சாட்சி இருக்கிறது. ‘லாஃபயெட்’ என்ற நீராவிக் கப்பலும் அது இழுத்துவந்த ‘மனிலா’ என்ற பார்ஜும் என்கேம்ப்மென்ட் தீவுக்கு அருகில் ஒன்றாகவே கரைமேல் எறியப்பட்டன. லாஃபயெட் இரண்டாக முறிந்தது. பார்ஜில் இருந்தவர்கள் முதலில் கரையேறி, நீராவிக் கப்பலில் இருந்தவர்களுக்கு உதவினார்கள். டூ ஹார்பர்ஸ் ஊரைத் தாண்டி ஸ்பிளிட் ராக்குக்குப் போகும் சாலையில் நீங்கள் கடந்து வந்த லாஃபயெட் பிளஃப் சுரங்கப் பாதை, அந்தக் கப்பலின் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது.

கணக்கேடு எழுதியது:

முதல் கேள்விக்கு யாரும் பதில் சொல்லாததால் நான் தொடங்குகிறேன். நண்பர் வின்ச்மேடை சொன்ன கடலோடி நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த நியாயம் அதிகாலை மூன்று மணியில் தொடங்குகிறது, எனக்கோ கேள்வி அதற்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்குகிறது.

எஞ்சின் இல்லாமல் கட்டினால் கொதிகலன் வேண்டாம், நிலக்கரி வேண்டாம், அதை அள்ளிப் போடும் ஆட்கள் வேண்டாம், எஞ்சின் அறை பிடிக்கும் இடத்திலும் தாது ஏற்றலாம். ஆள் கணக்கை மட்டும் பாருங்கள்: மடாஃபாவில் 24 பேர், ஏறத்தாழ அதே நீளமுள்ள மடீராவில் பத்துப் பேர். ஒரு நீராவிக் கப்பல் தன் வயிற்றில் ஒரு சுமையும் வாலில் ஒரு சுமையுமாக இரண்டு சுமைகளைக் கொண்டுசெல்லும். மெசாபி மலைத்தொடரின் இரும்புத்தாது டுலூத், டூ ஹார்பர்ஸ் ஆகிய துறைகளிலிருந்து ஈரி ஏரிக்கரையின் உருக்கு ஊர்களை நோக்கிப் போய்க்கொண்டிருந்த காலம் அது. சுப்பீரியர் ஏரிக்கும் கீழ் ஏரிகளுக்கும் நடுவே கப்பல்களை ஏற்றி இறக்கும் சூ நீர்ப்பூட்டில் 1896இல் திறக்கப்பட்ட போ பூட்டு 800 அடி நீளமும் 100 அடி அகலமும் கொண்டது. அளவு பொருந்தினால், இழுக்கும் கப்பலும் இழுபடும் பார்ஜும் சேர்ந்தே உள்ளே போய் ஒரே நேரத்தில் ஏறி இறங்க முடியும். அதாவது, இந்த ஏற்பாடு ஏதோ ஓர் உரிமையாளரின் கஞ்சத்தனத்தால் வந்தது என்று சொல்லிவிட முடியாது. துறை, பூட்டு, கப்பல் என்று தொழில் முழுவதுமே இழுவடத்தை நம்பி அமைந்திருந்தது. குளிர்காலத்தில் ஏரிப் போக்குவரத்து நின்றுவிடும் என்பதால் நவம்பர் கடைசியில் எல்லாரும் அவசரப்பட்டார்கள். நவம்பர்ப் புயல்களின் கொடுமை அவர்கள் அறியாதது இல்லை.

இந்த ஏற்பாட்டில் பார்ஜில் இருப்பவரின் நிலை என்ன என்பதைக் காட்ட மடீராவைவிடத் தெளிவான நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1913 நவம்பரில், 250 பேருக்கு மேல் பலிகொண்ட பெரும் புயலின்போது, மிச்சிகன் ஏரியில் ‘பிளிமத்’ என்ற பழைய பார்ஜை ‘ஜேம்ஸ் எச். மார்ட்டின்’ என்ற டக் (சிறிய இழுவைக் கப்பல்) இழுத்துச் சென்றது. 1854இல் கட்டப்பட்ட கலம் அது. ஒரு தீவின் அருகே பார்ஜை நங்கூரத்தில் விட்டுவிட்டு டக் ஒதுங்கிடம் தேடிப் போனது. திரும்பி வந்து பார்த்தபோது பார்ஜ் இல்லை. அதிலிருந்த ஏழு பேரும் போய்விட்டார்கள். பிறகு ஒரு புட்டி கரையொதுங்கியது. உள்ளே, பார்ஜில் காவலுக்காக அமர்த்தப்பட்டிருந்த ஒருவர் தம் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எழுதிய கடிதம் இருந்தது. டக் தங்களை விட்டுப் போனபோது ஒரு வார்த்தைகூடச் சொல்லிக்கொள்ளவில்லை என்றும், நாற்பது மணி நேரமாகப் புயலில் கிடப்பதாகவும் அதில் இருந்தது. மனம் உடைந்துவிட்டதால் வேறொருவரை எழுதச் சொன்னதாகவும் கடைசியில் ஒரு குறிப்பு.

டக்கின் தலைவர் தம் கப்பலையும் ஆட்களையும் காப்பாற்றினார். தொழில் நியாயப்படி அவரைக் குற்றம் சொல்வது கடினம். அந்த நியாயமே, வாலில் கட்டப்பட்ட கலத்தில் இருப்பவர்களை எப்போதும் இரண்டாவதாகத்தான் வைத்தது. எனக்குக் கோபம் வருவது அங்கேதான். அவிழ்த்துவிடத்தக்கது என்று முன்பே கணக்கில் எழுதிவைத்துவிட்டு அதில் மனிதர்களை ஏற்றினார்கள்.

வடகரைப் பயணி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. இடம் என்பதை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. மணல் அடியில் நாஸ்மித் பிழைத்தது, பாறை அடியில் மடீரா மடிந்தது என்பது இப்போது தெளிவாகிறது.

கணக்கேடு அவர்களே, நீங்கள் எழுதிய கடைசி வாக்கியத்தைப் படித்த பிறகும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. அந்த ஒன்பது பேர் எப்படிப் பிழைத்தார்கள்? பாறையை நேரில் பார்த்தவன் என்ற முறையில் என்னால் அதை நம்பவே முடியவில்லை. கப்பலிலிருந்து ஒருவர் பாறைமேல் குதித்தார் என்று மட்டும் அங்கே சொன்னார்கள்.

குளிர்நீர் எழுதியது:

இதற்கு நான் பதில் சொல்கிறேன். ஏரிகளில் மூழ்கிக்கிடக்கும் கப்பல்களைப் பார்ப்பதற்காகவே நீர்மூழ்கக் கற்றுக்கொண்டவன் நான். மடீராவுக்கு இரண்டு கோடைகளில் இறங்கியிருக்கிறேன்.

குதித்தவர் பெயர் ஃபிரெட் பென்சன், மடீராவின் மாலுமி. அலை பார்ஜைத் தூக்கிப் பாறையில் அடித்து, பின்னிழுத்து, மீண்டும் அடித்துக்கொண்டிருந்தது. அப்படி ஒருமுறை நெருங்கிய கணத்தில் அவர் கையில் ஒரு கயிற்றோடு பாறைமேல் தாவினார். தாவியது பெரிதுதான், அதற்குப் பிறகு செய்ததை நினைத்தால்தான் எனக்கு மூச்சு நிற்கிறது. இருட்டில், பனியில், ஏறத்தாழ அறுபது அடி உயரமுள்ள ஈரப் பாறையில் கைகால்களால் பற்றி மேலே ஏறினார். உச்சியில் நின்று கயிற்றின் நுனியில் ஒரு கல்லைக் கட்டி, அதை முதலில் அணியத்தின் பக்கம் இறக்கினார். மூன்று பேர் அதைப் பற்றி ஏறி வந்தார்கள். பிறகு பின்னணியத்தின் பக்கம் இறக்கினார், ஐந்து பேர். அவரோடு சேர்த்து ஒன்பது. மாரோ பின்பக்கப் பாய்மரத்தில் ஏறிக் கரைக்குத் தாவ முயன்றபோது, கப்பல் முறிந்து அவரோடு சாய்ந்தது.

கயிற்றில் கல்லைக் கட்டியது சிறிய செய்தியாகத் தோன்றலாம். வெறும் கயிற்றை அந்தக் காற்றில் தொங்கவிட்டால் அது கிடைமட்டமாகப் பறக்கும், கீழே இருப்பவர் கைக்கு எட்டாது. கைவிரல் விறைத்து, மேலெல்லாம் நனைந்து நின்ற ஒரு மனிதருக்கு அந்த இருட்டில் ஒரு கல்லைத் தேடி, முடிச்சுப் போட வேண்டும் என்று தோன்றியிருக்கிறது.

பார்ஜ் இப்போது துண்டுகளாகப் பாறையின் அடியிலிருந்து முப்பது மீட்டருக்கு மேல் ஆழம் வரை சிதறிக் கிடக்கிறது. 1955இல் ‘ஃப்ரிஜிட் ஃப்ராக்ஸ்’ என்ற நீர்மூழ்குவோர் சங்கத்தினர்தான் அதை மறுபடியும் கண்டுபிடித்தார்கள். பழைய இரும்புக்காக 1960இல் சிலவற்றைத் தூக்கிவிட்டார்கள். 1992இல் தேசிய வரலாற்றுச் சின்னப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. ஆகஸ்டு மாதத்தில்கூடச் சிறிது ஆழம் போனதும் தண்ணீர் பல்லைக் கூசவைக்கும். பாறையை ஒட்டியே இறங்கினேன். மேலே வெயிலில் செம்பழுப்பாகத் தெரிந்த கல் கீழே சாம்பல் நிறமாகி, அதன்மேல் சாய்ந்தபடி எஃகுத் தகடு ஒன்று தெரிந்தது. தகட்டின் ஓரத்தில் ரிவெட்டுகள் ஒரே அளவு இடைவெளியில் வரிசையாக நின்றன. ஒரு ரிவெட்டின் தலைமேல் கையுறை விரலை வைத்துப் பார்த்தேன். நேற்று அடித்தது போல உருண்டையாக இருந்தது. நன்னீர், குளிர்நீர் என்பதால் எஃகு அவ்வளவாக அரிக்கப்படவில்லை. ஆனால் அதே தகடு இரண்டடி தள்ளி, ஈரத்துணியைப் பிழிந்தது போல் முறுக்கிக் கிடந்தது. நல்ல எஃகு, நல்ல வேலைப்பாடு. கட்டி ஐந்தே ஆண்டுகள் ஆன கலம்.

வின்ச்மேடை எழுதியது:

குளிர்நீர் அவர்களின் பதிவை இருமுறை படித்தேன். கல் கட்டிய கயிற்றைப் பற்றி அவர் சொன்னது முற்றிலும் உண்மை. இன்றும் நாங்கள் ஒரு கப்பலிலிருந்து மற்றொன்றுக்கு மெல்லிய கயிறு வீசும்போது அதன் நுனியில் ஒரு பாரத்தைக் கட்டித்தான் வீசுகிறோம். பென்சனுக்கு அது யோசித்து வந்திருக்காது. கை பழகியதைக் கை செய்திருக்கும்.

கணக்கேடு அவர்களின் கோபத்துக்குப் பதிலாக ஒன்று சொல்ல வேண்டும். வாலில் இருப்பவர்களை எல்லாரும் இரண்டாவதாக வைக்கவில்லை. 1902 அக்டோபர் 13 அன்று இதே சுப்பீரியர் ஏரியில், ‘மௌனலோவா’ என்ற நீராவிக் கப்பல் ‘பார்ஜ் 129’ என்ற கலத்தை இழுத்துக்கொண்டிருந்தது. திமிங்கில முதுகு போல மேல்தளம் வளைந்த, 292 அடி நீளப் பார்ஜ் அது. புயலில் வடம் தானாகவே அறுந்தது. மௌனலோவா திரும்பி வந்து மீண்டும் வடம் கட்ட முயன்றது. அந்த அலையில் இரண்டும் மோதிக்கொண்டன. மௌனலோவாவின் நங்கூரம் பார்ஜின் பக்கத்தைக் கிழித்துவிட்டது. பார்ஜ் மூழ்கத் தொடங்கியது. ஆனால் அதிலிருந்தவர்கள் அனைவரையும் மௌனலோவா ஏற்றிக்கொண்டது. அந்தப் பார்ஜை வெர்மிலியன் முனைக்கு அப்பால் ஏறத்தாழ 650 அடி ஆழத்தில் கண்டுபிடித்த செய்தி 2022இல் வந்தது.

இதைப் படித்து, எடன்போர்னும் திரும்பி வந்திருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நான் உடன்பட மாட்டேன். பார்வை இருந்ததால் மௌனலோவாவால் நெருங்க முடிந்தது, நெருங்கியதால் பார்ஜ் மூழ்கியது, மூழ்கினாலும் மனிதர்கள் பிழைத்தார்கள். கொட்டும் பனியில், இரவு மூன்று மணிக்கு, வடம் போன பிறகு பார்ஜ் எந்தப் பக்கம் போனது என்பதே தெரிந்திருக்காது. ஒன்று மட்டும் என் மனத்தில் உறுத்துகிறது: வடத்தை விடுவதற்கு முன்பு அதை மடீராவில் இருந்தவர்களுக்கு எப்படியாவது உணர்த்தினார்களா? ஊதல் அடித்திருந்தாலும் அந்தக் காற்றில் கேட்டிருக்குமா? பார்ஜின் அணியத்தில் காவல் நின்றவர், வடம் தளர்ந்து மறுபடி விறைக்காமலே இருந்ததைக் கண்டுதான் அறிந்திருப்பார் என்று நினைக்கிறேன். அந்தத் தளர்ச்சியை உணரும் காலடிகள் எனக்குப் பழக்கமானவை. மேல்தளம் திடீரென்று மென்மையாகிவிடும்.

டுலூத்வாசி எழுதியது:

கலங்கரை விளக்கம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பயணி அவர்கள் அங்கிருந்துதான் தொடங்கினார். அந்தப் புயலில் அடிபட்ட கப்பல்களில் பல, பிட்ஸ்பர்க் ஸ்டீம்ஷிப் என்ற ஒரே நிறுவனத்துடையவை, மடீராவும் அதனுடையதே. கப்பல் உரிமையாளர்கள் வாஷிங்டன் வரை போய் வற்புறுத்தியதன் பேரில், விளக்குக்கும் மூடுபனி ஊதலுக்கும் 75,000 டாலர் ஒதுக்க 1907இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டது. அப்போது அந்தக் கரைக்குச் சாலை கிடையாது. செங்கல், சிமென்ட், இரும்பு எல்லாவற்றையும் படகில் கொண்டுவந்து, நீராவிப் பாரந்தூக்கியால் நூறடிக்கும் மேற்பட்ட பாறைக்கு மேலே ஏற்றித்தான் கட்டினார்கள். 1910 ஜூலை 31 அன்று விளக்கு ஏற்றப்பட்டது. பத்து நொடிக்கு ஒரு மின்னல். அந்தப் பகுதியின் பாறையில் உள்ள இரும்பு திசைகாட்டியைத் திருப்பிவிடும் என்று மாலுமிகள் சொல்லிவந்ததால், கண்ணால் பார்க்கும் ஓர் அடையாளம் அவர்களுக்கு மிகவும் தேவைப்பட்டது. 1969இல் விளக்கின் பணி முடிந்தது.

பயணி அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை டூ ஹார்பர்ஸ் வழியாக வரும்போது துறைமுகத்தில் பத்து நிமிடம் நில்லுங்கள். தாது ஏற்றும் மேடைகளுக்கு அருகில் ‘எட்னா ஜி.’ என்ற டக்கை வைத்திருக்கிறார்கள். 1896இல் கட்டப்பட்டு 1981 வரை வேலை செய்தது. புயல் தணிந்த பிறகு பாறைக்கரைக்கு வந்து, இரண்டு நாள் குளிரில் கிடந்த அந்த ஒன்பது பேரையும் ஏற்றிச் சென்றது அந்த டக்தான். மாரோவின் உடலையும் அதில்தான் கொண்டுவந்தார்கள்.

வடகரைப் பயணி எழுதியது:

டூ ஹார்பர்ஸில் நாங்கள் தேநீருக்காக நின்றோம். அந்த டக்கைத் தொலைவிலிருந்து பார்த்தேன். பழைய படகு என்று மட்டும் நினைத்துக்கொண்டு வண்டியை எடுத்துவிட்டேன். மே மாதத்தில் மறுபடியும் போகிறோம். எட்னா ஜி.யின் அருகில் போய், அதன் பின்பக்கத்தில் வடம் கட்டும் தூணைப் பார்த்துவிட்டு, பிறகு கோல்ட் ராக்குக்கு நடப்பேன். வின்ச்மேடை அவர்களே, அந்தத் தூணின் படத்தை உங்களுக்காக எடுத்து இங்கே இடுகிறேன்; அதில் எதைக் கவனிக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதினால் நன்றாக இருக்கும்.

வின்ச்மேடை எழுதியது:

அவசியம் எடுங்கள். தூணின் கழுத்தில், வடம் உரசி உரசி வழவழப்பான ஒரு பள்ளம் இருக்கும். வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி காலை நேரத்தில் எடுத்தால் அது தெரியும்.